தேர் செய்த நாட்டில் இரவல் உந்து

திருவள்ளுவராண்டு 2055 மடங்கல் 15, 16 ஆகிய இரு நாள்களில், அஃதாவது 2024 ஆகத்து 31, செபுதம்பர் 1 ஆகிய இரண்டு இரவுகளில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகள் மக்கள் போக்குவரவுக்கு அடைக்கப்பட்டு, விரைவுந்துகளுக்குத் திறக்கப்பட்டன. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு இருமருங்கும் கற்காரைத் தடுப்புகளும் கம்பி வேலிகளும் நின்றன. இரவைப் பகலாக்கும் விளக்குகள் எரிந்தன. தெற்காசியாவின் முதல் இரவுத் தெருப் பந்தயம் என்று விளம்பப்பட்ட அந்நிகழ்ச்சியைக் காணத் திரண்ட மக்களுட் பெரும்பாலோர், உருளிகள் நான்கும் உடலுக்கு வெளியே தெரிய, ஒருவரே அமரத்தக்கதாய், தரையோடு தரையாய்ப் பறக்கும் அவ்வகை உந்தை அன்றுதான் முதன்முறையாக நேரிற் கண்டிருப்பர். கண்டவர் வியந்தனர். பின்னர் வேலிகள் பிரிக்கப்பட்டன; பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

அவ்விரண்டு இரவுகள் தமிழ்நாட்டில் எதை விட்டுச் சென்றன? ஆரவாரத்தின் நடுவில் இவ்வினா எடுபடவில்லை. ஆரவாரம் அடங்கிய பின்னராவது அதனை எழுப்புதல் வேண்டும்.

முதலில், ஓடியது யாது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. திறந்த உருளி உந்து என்பது சாலையில் ஓடும் மகிழுந்தைத் திருத்திச் செய்வதன்று. பந்தயத்திற்கென்றே பிறப்பது. உருளிகளை மூடும் தகடு அதற்கில்லை; ஓட்டுநர் ஒருவருக்கே இருக்கை; பொறி பெரும்பாலும் அவர் முதுகுக்குப் பின்னே அமைந்திருக்கும். இத்தகைய உந்துகளுக்கு எடை இவ்வளவு, பொறியின் கொள்ளளவு இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று ஒரு நெறிமுறைத் தொகுதி வகுக்கப்படுகின்றது. அத்தொகுதியைத்தான் மேலையர் 'பார்முலா' என்கின்றனர். தமிழில் அது வாய்பாடு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இவ்வாறு வகுக்கப்பட்டதே முதல் வாய்பாடு. அதன் உலகப் போட்டித் தொடர் 1950 இல் இங்கிலாந்தின் சில்வர்சுடோன் தடத்தில் தொடங்கிற்று. ஏணியின் உச்சிப்படி அது. அடிப்படிகளுள் ஒன்றாக, சிற்றுந்துப் போட்டியில் தேறிய பதினைந்தகவைச் சிறுவர் ஏறுதற்கென்று பன்னாட்டுக் கூட்டமைப்பினர் வகுத்து, 2014 இல் நடைமுறைக்கு வந்தது நான்காம் வாய்பாடு.

அதன் இந்தியத் தொடர் 2022 இலேயே தொடங்கும் எனச் சொல்லப்பட்டுத் தள்ளிப்போய், 2023 இல் தொடங்கிற்று. சென்னைத் தெருப்போட்டி 2023 திசம்பருக்குக் குறிக்கப்பட்டிருந்தது. மிக்சாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கிய வேளையில் அது தள்ளிவைக்கப்பட்டது. உயர் முறைமன்றத்தில் வழக்குகள் நடந்தன. அரசு மருத்துவமனைகளுக்கு அண்மையில் இத்துணை இரைச்சல் தகுமா, பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று வழக்காடியோர் வினவியவை வெறும் குறும்பு வினாக்கள் அல்ல. மன்றம் இசைவளித்த பின்னரும், போட்டி நாளன்று தடத்தின் பாதுகாப்புச் சான்று கிடைக்கப் பிந்தியதால் மக்கள் பல மணிநேரம் காத்திருக்க நேர்ந்தது.

இவையெல்லாம் புதுத்தொடர் எதற்கும் நேரக்கூடிய தடங்கல்களே. குறை வேறிடத்தில் இருக்கின்றது. அத்தொடரில் ஓடிய உந்துகள் பிரெஞ்சு நாட்டில் மன்யிக்கூர் என்னும் ஊரிலுள்ள மிகால் நிறுவனம் கட்டியவை. பொறியும் பிரெஞ்சு வழியினதே. 2023 இல் முதற் பட்டத்தை வென்றவர் ஆத்திரேலிய இளைஞர். வென்றவரைக் குறைகூறுதல் பண்பன்று; வல்லவன் வெல்வதே விளையாட்டு. ஆயினும் கட்டியவர் வேற்று நாட்டார், வென்றவர் வேற்று நாட்டார் என்றால், தடமும் கைதட்டலும் மட்டுமே இந்நாட்டின் பங்கு ஆகின்றன. சென்னையின் பெயரைத் தாங்கிய அணிகூட 'டர்போ ரைடர்சு' என்னும் ஆங்கிலப் பெயரோடுதான் களத்தில் இறங்கிற்று. பெங்களூர், ஐதராபாத்து, கொச்சி அணிகளுக்கும் அதே நிலைதான். ஊருக்கொரு மொழி உண்டென்பதே அறியாதவர் இட்ட பெயர்கள் போலும்!

இந்நிலை வேறெந்த நாட்டுக்கு வாய்த்திருந்தாலும் பொறுத்துக் கொள்ளலாம். உருளியின் அருமையைத் தமிழனை விட அறிந்தவர் யார்? தகடூர் அதியமானின் மறத்தைப் பகைவர்க்கு எடுத்துச் சொல்ல வந்த ஒளவையார், புறநானூற்றில் ஓர் உவமை கூறுகின்றார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்க வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் உழைத்து ஒரே ஓர் உருளியைச் செய்தால் அவ்வுருளி எத்தகையதாக இருக்குமோ, அத்தகையவன் அவன் என்பது அதன் பொருள். விரைந்து செய்யவும் தெரியும். செம்மை வேண்டுமிடத்தில் திங்கள் முழுதும் காத்து உழைக்கவும் தெரியும் என்னும் கைவினைஞன் ஒருவனை ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே இந்நாடு பெற்றிருந்தது. பழம்பெருமை பேசி வயிறு நிறையாது என்று நகைப்பார் உண்டு. அவர்களுக்காக அண்மைக் கதையையே பார்க்கலாம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வானூர்தி ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953 இல் தோன்றிய சென்னை உந்து விளையாட்டுக் கழகம் அதனையே பந்தயத்தடமாக்கிற்று. வெயிலிலும் தூசியிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்று பார்த்த காலம் அது. அரச குடும்பத்தாரும் பெருஞ்செல்வரும் வெளிநாட்டு உந்துகளைக் கொண்டுவந்து ஓட்டினர் என்பது மெய்யே. ஆனால் அவர்களோடு போட்டியிட, பழைய மகிழுந்துகளின் பொறியைக் கழற்றித் தாமே சட்டகம் வளைத்து உந்து கட்டிய பட்டறைக்காரர்களும் அக்களத்தில் இருந்தனர். அன்று கட்டுகின்ற கை வேறு, ஓட்டுகின்ற கை வேறு என்று பெரிதும் பிரியவில்லை. பின்னர் அக்கழகம் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடத்தை அமைத்து 1990 இல் திறந்தது. அரசு கட்டிக்கொடுத்த தடமன்று அது. ஆர்வலர் கழகமொன்று தன் முயற்சியால் கட்டியது.

கோவையின் கதை இன்னும் சிறப்புடையது. நீரேற்றியும் நூற்பாலைப் பொறியும் மாவரைக்கும் பொறியும் செய்து பழகிய ஊர் அது. கோவை அறிஞர் கோ.து. நாயுடு 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டவர். 1952 இல் இருவர் அமரத்தக்க கன்னெய்ச் சிற்றுந்து ஒன்றை 2,000 உருபா விலையில் தரத்தக்கதாக வடிவமைத்தார். அதனைச் செய்து விற்க அரசின் உரிமம் கிட்டவில்லை; உந்து பட்டறையோடு நின்றது. செய்யத் தெரிந்தவனுக்குச் செய்ய இசைவில்லை என்னும் பழைய துயரத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே கோவை மண்ணில்தான் கரிவரதன் தோன்றினார். ஆலைத்தொழிற் குடும்பத்தினர், உந்தின் மேற் பெருவேட்கை கொண்டவர். வெளிநாட்டிலிருந்து உந்து வாங்கும் செல்வம் அவருக்கு இல்லாமலில்லை. ஆனால் அவர் செய்தது வேறு. 1980களின் இறுதியில், ஊர்தோறும் ஓடத் தொடங்கியிருந்த மாருதி 800 என்னும் சிற்றுந்தின் 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூவுருளைப் பொறியை எடுத்துக் கொண்டார். அதனைச் சுற்றிக் குழாய்ச் சட்டகத்தாலான திறந்த உருளி உந்தொன்றை வடிவமைத்தார். ஒன்று செய்து காட்டிவிட்டு ஓயவில்லை. ஒரே வகையாகப் பல செய்வித்து, அவற்றுக்கெனவே ஒரு போட்டித்தொடர் உருவாகச் செய்தார். மாருதி வாய்பாடு என்பது அதுதான். எல்லார்க்கும் ஒரே பொறி, ஒரே சட்டகம் என்றால் பணத்தால் முந்த இயலாது. ஓட்டுந் திறத்தால்தான் முந்த இயலும். 1995 இல் வானூர்தி நேர்ச்சியொன்றில் அவர் மறைந்தார். கோவைக்கு அண்மையிலுள்ள செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் செய்தது சிற்றூர் வேடிக்கை என்று எண்ணுவோர் ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். உச்சிப்படியாகிய முதல் வாய்பாட்டின் பந்தயங்களில் இந்தியாவிலிருந்து இதுவரை ஓட்டியவர் இருவரே. ஒருவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 2005 இல் யோர்தான் அணியில் ஓட்டி, அமெரிக்கப் போட்டியில் நான்காமிடம் பெற்றவர். அன்று உருளிப்பட்டைச் சிக்கலால் பெரும்பாலான அணிகள் விலக, ஆறு உந்துகளே ஓடின என்பதையும் மறைப்பதற்கில்லை. மற்றவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். 2010 இல் அப்படியை எட்டியவர். இருவரும் தம் திறந்த உருளி ஓட்டத்தைத் தொடங்கியது எதில்? கரிவரதனின் மாருதி உந்தில்! அதன் பின் பெருந்தொகை செலவிட்டு எத்தனையோ தொடர்கள் வந்தன. உத்தரப் பிரதேசத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாபெருந் தடம் அமைத்து 2011, 2012, 2013 ஆகிய மூன்றாண்டுகள் முதல் வாய்பாட்டுப் போட்டியையே நடத்தினர். வரிச்சிக்கலால் அது நின்றுபோயிற்று. அந்தத் தடத்திலிருந்து எழுந்து உச்சிப்படியேறிய மூன்றாமவர் ஒருவருமில்லை. தடத்தின் அளவு ஓட்டுநரை உருவாக்கவில்லை. அடிப்படியின் எளிமையே உருவாக்கிற்று.

இதன் உட்பொருளைப் பட்டறைக் கண்கொண்டு பார்த்தால்தான் விளங்கும். பந்தய உந்து உடையும். உடைவது அதன் இயல்பு. வளைவில் இரண்டு உந்துகள் உரசினால் முன்னிறகு ஒடியும், தொங்கற்கம்பி வளையும். நான்காம் வாய்பாட்டின் நெறிப்படி, சான்று பெற்ற உறுப்பையன்றி வேறெதனையும் பூட்டுதல் கூடாது. அவ்வுறுப்பு கடல் கடந்து வரவேண்டும். சுங்கம் கட்ட வேண்டும். ஓரணி முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்திருந்தாலன்றி அடுத்த ஓட்டத்திற்கு உந்து அணியமாகாது. ஆகவே வெற்றி தோல்விக்கு ஓட்டுநரின் கை மட்டுமன்றிக் கிடங்கின் நிறைவும் கரணியமாகின்றது. மாருதி உந்தில் தொங்கற்கம்பி வளைந்தால் கோவையிற் கடைசற்பொறி வைத்திருப்பவன் மாலைக்குள் புதிது செய்து தந்துவிடுவான். பொறி பழுதுற்றால் எந்தத் தெருமுனையிலும் உறுப்புக் கிடைக்கும். அப்பழுது நீக்கும் போதெல்லாம் ஒருவன் ஏதோ கற்றுக்கொள்கின்றான். இரவல் உந்தில் பழைய உறுப்பைக் கழற்றிப் புதியதைப் பூட்டக் கற்பான். தன் உந்தில் அவ்வுறுப்பு ஏன் உடைந்தது என்று கற்பான். தொழிலறிவு பிறப்பது அந்த 'ஏன்' என்னும் இடத்தில்தான்.

இதற்கு எதிர்ப்பாகச் சொல்லப்படுவன சில உண்டு. அவற்றுட் பொருளுள்ளவற்றைப் புறக்கணித்தல் முறையன்று.

பன்னாட்டுக் கூட்டமைப்பின் இசைவு பெற்ற நான்காம் வாய்பாட்டுத் தொடரில் முதலிடம் பெறுவோருக்கு 12 உரிமப் புள்ளிகள் கிடைக்கின்றன. முதல் வாய்பாட்டில் ஓட்டும் உரிமம் பெற 40 புள்ளிகள் வேண்டும். உள்நாட்டார் தாமே வகுத்த தொடருக்கு அப்புள்ளி ஒன்றும் கிடையாது. ஆதலால் பன்னாட்டுத் தொடரை விரட்டிவிட்டு உள்நாட்டுத் தொடரை நிறுவுக என்பது அறிவற்ற கோரிக்கையாகும். அது இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே ஒருபடி வேண்டும் என்பதே இங்குச் சொல்லப்படுவது. அப்படி இல்லாததால்தான், சிற்றுந்துப் போட்டியிலிருந்து பிரெஞ்சு உந்துக்குத் தாவ முடிந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏணியில் ஏறுகின்றனர்.

மற்றொன்று, உயிர் பற்றியது. இன்றைய நான்காம் வாய்பாட்டு உந்தில் ஓட்டுநர் அமரும் கூடு கரியிழையால் ஆனது. மோதற்சோதனையில் தேறியது. தலைக்கு மேல் வளையக்காப்பு ஒன்றும் உண்டு. பழைய குழாய்ச் சட்டகத்தில் இவையில்லை. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பட்டறிவு மிக்க மகிழுந்து ஓட்டுநர் ஒருவரும், ஈருருளிப் போட்டியில் பதின்மூன்றகவைச் சிறுவன் ஒருவனும் உயிர் துறந்தனர். அவர்கள் ஓட்டியவை திறந்த உருளி உந்துகள் அல்ல. ஆயினும் உள்நாட்டுப் பெருமை என்னும் பெயரால் இளம்பிள்ளைகளை மெலிந்த கூட்டுக்குள் அமர்த்துவதற்குப் பரிந்து பேச எவருக்கும் வாய் வாராது. எனவே கட்டுவது கோவையாயினும் காப்பு உலகத் தரத்தினதாகவே இருத்தல் வேண்டும். வளையக்காப்பும் மோதற்சோதனையும் இல்லாத உந்தைத் தடத்தில் இறக்குவதினும் தொடரைத் தொடங்காதிருத்தலே மேல். அச்சோதனையைச் செய்யும் பொறியியல் அறிவும், கரியிழை வார்க்கும் திறமும் தமிழ்நாட்டில் இல்லாதன அல்ல. வானூர்தி உறுப்பும் காற்றாலை உறுப்பும் செய்யும் நாடு இது. செய்விப்பார் இல்லை என்பதே குறை.

மூன்றாவதாக, தமிழ்ப்பற்றுடையாரிடமிருந்தே ஒரு முணுமுணுப்பு எழக்கூடும். உண்ணச் சோறும் உழவனுக்கு நீரும் பற்றிப் பேச வேண்டிய பக்கத்தில் செல்வர் விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்பர். ஞாயமான கேள்வியே. கன்னெய் எரித்து வட்டமிடுவதை மட்டும் நோக்கின் அது வீண்விளையாட்டே. ஆனால் பொதுமக்கள் பணமும் அரசின் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அவ்விளையாட்டுக்குள் முன்னரே இறங்கிவிட்டன. தெருவை அடைத்து விளக்கேற்றியாயிற்று. இனிக் கேட்கத்தக்கது, அச்செலவின் பயன் எவர் கையில் சேர வேண்டும் என்பதே. இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு அண்மையிலேயே 1998 முதல் கொரிய நாட்டு உந்துத் தொழிலகம் இயங்குகின்றது. ஒரகடத்திலும் எண்ணூரிலும் உந்தும் சரக்குந்தும் கட்டுகின்றனர். 1946 இல் திருவொற்றியூரில் விளையாட்டு ஊதற்பை செய்து தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் இன்று உருளிப்பட்டையில் உலகறிந்த பெயர். 1600, 2000 என்னும் அளவுகளில் தன் பெயராலேயே திறந்த உருளித் தொடர்களையும் நடத்தியுள்ளது. கோவையின் சங்கிலித் தொழில் நிறுவனமான எல்.சி.பி. யின் பெயராலும் உள்நாட்டில் கட்டிய உந்துகள் ஓடுகின்றன. ஆக, பொறி இருக்கின்றது, பட்டை இருக்கின்றது, சட்டகம் வளைக்கும் கை இருக்கின்றது, தடம் இரண்டு இருக்கின்றன. இவற்றை ஒரு நூலிற் கோக்கும் பொது முயற்சிதான் இல்லை.

கோத்தவர் கதை வெளிநாட்டிலும் உண்டு. 1967 இல் இங்கிலாந்தில் தோன்றிய போர்டு வாய்பாடு, பெருஞ்செல்வர் மாளிகையிற் பிறந்ததன்று. ஓட்டுநர் பயிற்சிப்பள்ளி ஒன்றின் முட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. மாணவர் உடைக்கும் பந்தயப்பொறிகளுக்கு ஈடுகொடுக்க இயலாத அப்பள்ளியினர், சாலையிலோடும் மகிழுந்தின் பொறியையே பூட்டிப் பார்த்தனர்; சாலைக்குரிய உருளிப்பட்டைகளையே மாட்டினர். உந்தின் விலை 1,000 பவுனைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டினர். உலகப் பட்டத்தை மும்முறை வென்ற பிரேசில் நாட்டு அயர்தன் சென்னா 1981 இல் ஐரோப்பாவில் காலடி வைத்தது அவ்வாய்பாட்டில்தான். அதற்கும் முன்னர் அமெரிக்காவில் எழுந்த 'வீ' வாய்பாடு, போக்சுவாகன் வண்டுந்தின் 1200 பொறியைக் கொண்டது. நிக்கி லௌடாவும் கேக்கே ரோசுபர்க்கும் அதில் ஓட்டிப் பழகியே உலகப் பட்டம் வரை சென்றனர். தெருவில் ஓடும் பொறியை எடுத்துத் தடத்தில் ஓட்டுவது இழிவென்று அந்நாட்டார் கருதவில்லை. கரிவரதன் செய்ததும் அதுவே. அவர்கள் தம் அடிப்படியைப் பல பதிற்றாண்டுகள் பேணினர்; இங்கோ புதியது வந்ததும் பழையது மறக்கப்பட்டது.

எனவே தென்னாட்டு வட்டாரத் தொடர் ஒன்று, தமிழ்நாட்டை நடுவமாகக் கொண்டு தொடங்கப்பெறுதல் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் மாறிமாறி நடத்தலாம். தெருக்களை அடைக்க வேண்டா. மருத்துவமனை நோயாளரை வருத்த வேண்டா. உந்து முழுதும் இந்நாட்டிற் கட்டியதாயிருக்க வேண்டும். பொறி முத்திரையிடப்பட்டு ஒரே அளவினதாக அமைய, ஓரணி ஓராண்டிற் செலவிடத்தக்க தொகைக்கு மேல்வரம்பு கட்டப்பட வேண்டும். அவ்வரம்பைக் கணக்காயர் சரிபார்க்க வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் எழுத எளியன. நடைமுறையிற் பணமுடையார் வரம்பைத் தாண்ட நூறு வழி காண்பர். அதற்கும் ஒரு மருந்துண்டு. உந்துகளை அணிகளுக்கு விற்காமல் தொடரை நடத்துவோரே வைத்திருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கி வழங்கலாம். எவர்க்கு எந்த உந்து வாய்க்கும் என்று தெரியாதபோது, ஒன்றினை மட்டும் களவாய்க் கூர்தீட்டுவார் இரார்.

கட்டுவோர் எங்கே என்று தேடவும் வேண்டுவதில்லை. பொறியியல் மாணவர் தாமே வடிவமைத்துத் தாமே கட்டிய சிறு திறந்த உருளி உந்துகளைக் கொண்டுவந்து போட்டியிடும் மாணவர் விழா செட்டிப்பாளையத் தடத்திலேயே நடந்து வருகின்றது. நாடெங்குமிருந்து கல்லூரிக் குழுக்கள் வருகின்றன. வடிவமைப்புக்கு மதிப்பெண், செலவுக் கணக்குக்கு மதிப்பெண், உறுதிக்கு மதிப்பெண் என்று தேர்வு நடக்கின்றது. இரவும் பகலும் கண்விழித்து உந்து கட்டிய பிள்ளைகள், பட்டம் பெற்றதும் என்ன ஆகின்றனர்? கணிப்பொறி நிறுவனங்களில் அயல்நாட்டான் கணக்கை எழுதச் செல்கின்றவர் பலர். கட்டிய உந்து கல்லூரிக் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும். அவர்களுக்கும் பட்டறைத் தொழிலாளர்க்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். வட்டாரத் தொடரின் உந்தை வடிவமைக்கும் போட்டியை அவர்களுக்கே வைக்கலாம். தேர்ந்த வடிவத்தைக் கோவைப் பட்டறைகள் கட்டலாம்.

ஓட்டுநர் தேர்வில் பணம் நுழையாதிருக்க, தந்தையின் கைச்செலவை நம்பாத இருக்கைகள் சில ஒதுக்கப்பட வேண்டும். மாவட்டந்தோறும் சிற்றுந்துத் தேர்வு நடத்திப் பதினான்கு, பதினைந்தகவைப் பிள்ளைகளைத் தேடினால், ஓசூரிலோ நாமக்கல்லிலோ சரக்குந்துப் பட்டறையில் வளரும் சிறுமி ஒருத்தி, செல்வர் மகனை முந்திச் செல்வதைக் காணலாம். இன்று அவளுக்கு இப்படியொரு விளையாட்டு உண்டென்பதே தெரியாது. தெரிந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது.

பெயர்களைப் பற்றி இறுதியிற் சொல்வது, அவை சிறியன என்பதாலன்று. களத்தில் வழங்கும் மொழியே களம் எவருடையது என்பதைக் காட்டும். தேரோட்டுபவனை வலவன் என்றனர் முன்னோர்; விரைவுந்து ஓட்டுபவனுக்கு அதனினும் பொருந்திய சொல் எது? தேரின் முன்னே கைபற்றி நிற்கும் உறுப்புக்குக் கொடிஞ்சி என்று பெயர். ஓட்டுநர் தலையைக் காக்கும் முன்வளையத்துக்கு அதனை வழங்கினால் பழஞ்சொல் புதுவாழ்வு பெறும். ஆழி, அச்சு, ஆரம் என்பன இன்றும் பட்டறை வழக்கிலும் இலக்கியத்திலும் உயிரோடு உள்ளன. கூந்தலிற் செருகும் ஊசிபோல் மடங்கும் வளைவைக் கொண்டையூசி வளைவு என்று மலைப்பாதை ஓட்டுநர் பண்டே சொல்லிவருகின்றனர். அதற்கு எந்தப் புலவரையும் கேட்க வேண்டியதில்லை. சுற்று, முந்தல், கட்டக்கொடி, முன்வரிசை என்று நேர்முக உரையைத் தமிழில் நிகழ்த்தினால் காண்பார்க்குப் புரியாது என்பது பொய். ஏறுதழுவல் களத்தில் ஒலிபெருக்கி முன் நிற்பவன் ஆங்கிலத்திலா பேசுகின்றான்?

அணிகளுக்கு ஊர்ப்பெயரோடு ஆற்றுப்பெயரையோ மலைப்பெயரையோ சேர்த்து வைக்கலாம். வைகை, பொருநை, கொல்லிமலை, பொதிகை எனப் பெயருக்கா பஞ்சம்? ஆனால் பெயரை மட்டும் தமிழாக்கிவிட்டு நெறிமுறை நூலை ஆங்கிலத்தில் அச்சிடுவாராயின் அது பூச்சு வேலையாகவே முடியும். உந்தின் எடை, பொறியின் முத்திரை, கொடிகளின் பொருள், தண்டனை வகைகள், மேல்முறையீட்டு வழி ஆகிய அனைத்தும் அடங்கிய நூல் முதலில் தமிழில் எழுதப்பட்டு, அத்தமிழ்ப் படியே முறையீட்டில் செல்லத்தக்கது என்று அறிவிக்கப்படுதல் வேண்டும். அப்போதுதான் உந்தின் அடியிற் படுத்து மரையாணி முடுக்கும் பட்டறையாள், தன் அணிக்கு இழைக்கப்பட்ட தவற்றை நடுவர் முன் தானே எடுத்துரைக்க முடியும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அடுத்த போட்டிக்கு ஒப்பந்தம் எழுதுமுன், இந்நூலை வரைவதற்குச் சென்னைக் கழகத்தாரையும் கோவைப் பட்டறையாரையும் பொறியியல் ஆசிரியரையும் ஒரு மேசையில் அமர்த்துதல் வேண்டும்.